வில்லி லோமனின் பெட்டியில் என்ன இருந்தது?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 31. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 'அமெரிக்க இலக்கியத்தில் தந்தை–மகன் உறவு' என்று புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தைப் படித்தேன், அதில் வரும் விற்பனையாளர் வில்லி லோமன் மேல் எரிச்சல்தான் வந்தது. இன்னும் சில கதைகளின் சுருக்கத்தைப் பார்த்தேன். அப்பா என்றால் குடிகாரர், கொடுமைக்காரர் அல்லது ஏமாளி. அங்கே குடும்பம் என்பதே சரியில்லையோ? எதையெல்லாம் படிப்பது, எதைச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மாதம்தான் இருக்கிறது. தலைப்புக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று: என் அப்பா முப்பது வருடம் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ரெப்பாக இருந்து, லைனுக்குப் போய் ஆர்டர் எடுத்தவர். "என்னய்யா படிக்கே?" என்று கேட்டார். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத்தான் முதலில் படித்தேன். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்திய பழக்கம். பையன் உண்மையில் என்ன நினைக்கிறான் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 'குடும்பம் சரியில்லையோ' என்ற சந்தேகத்தைத் தூக்கிப் போடுங்கள். சண்டை நடக்கிற வீட்டு வாசலில்தான் எழுத்தாளன் போய் நிற்பான். சத்தம் இல்லாத வீட்டில் அவனுக்கு என்ன வேலை? அமெரிக்க இலக்கியத்திலும் நல்ல அப்பாக்கள் உண்டு. மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' 2004இல் வந்த நாவல். 76 வயது பாதிரியார் ஒருவர், இதய நோயில் நாளை எண்ணிக்கொண்டு, ஏழு வயதுகூட நிரம்பாத மகனுக்கு அவன் வளர்ந்த பிறகு படிக்கட்டும் என்று எழுதி வைக்கும் நீண்ட கடிதம் அது. அதைப் படித்துவிட்டு யாரும் அங்கே குடும்பம் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நல்ல அப்பா, கெட்ட அப்பா என்று இரண்டு பட்டியல் போட்டால் புராஜெக்ட் முடிந்துவிடும், படிப்பு மட்டும் தொடங்கியிருக்காது. நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் வில்லி லோமனை 'முதலாளித்துவத்தின் பலிகடா' என்று ஒரே வரியில் நோட்ஸ் கொடுத்தவன்தான். பையன்கள் அதை அப்படியே எழுதினார்கள், நானும் அப்படியே மார்க் போட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் பிற்காலத்தில் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி சின்னது. கையைப் பாருங்கள். அப்பாவின் கையிலிருந்து மகனின் கைக்கு என்ன போகிறது, மகன் கையிலிருந்து அப்பாவுக்கு என்ன வருகிறது, யார் வாங்கிக்கொள்கிறார், யார் வேண்டாம் என்கிறார். பணமா, கத்தியா, பேனாவா, ஒரு பாட்டா. அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டே போனால் பாசம், கோபம், ஏமாற்றம் எல்லாம் தானாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து இந்த வழி அமெரிக்க எழுத்துக்கு மிகவும் பொருந்தும். ஏன் என்று கேட்டால் அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஃபிராங்க்ளினின் சுயசரிதை 'அன்பு மகனே' என்றுதான் ஆரம்பிக்கிறது. 1771இல் இங்கிலாந்தில் இருந்தபோது, நியூ ஜெர்சியில் பிரிட்டிஷ் அரசரின் ஆளுநராக இருந்த தன் மகன் வில்லியமுக்கு எழுதுவதாக அதைத் தொடங்கினார். மகனுக்குச் சொல்கிற கதை என்ன? பாஸ்டனில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்த அப்பாவின் தொழில் பிடிக்காமல், அண்ணனின் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கிருந்தும் 1723இல் பதினேழு வயதில் ஓடிப்போனது எப்படி என்ற கதை. வீட்டை விட்டு ஓடித்தான் ஆளானேன் என்று ஓர் அப்பா மகனுக்கு எழுதுகிறார்! சில வருடத்தில் புரட்சி வந்தது. அப்பா விடுதலைப் பக்கம், மகன் அரசர் பக்கம். மகன் சிறைக்குப் போனான். சுயசரிதையின் அடுத்த பகுதியை 1784இல் எழுதியபோது அந்த 'அன்பு மகனே' காணாமல் போயிருந்தது. வயதான காலத்தில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதைப் போல வேறெதுவும் வலிக்கவில்லை என்று அதே வருடம் அவனுக்கே கடிதம் எழுதினார். உயிலிலும் அவனுக்குப் பேருக்குத்தான் ஏதோ வைத்தார். நான் இழக்க வேண்டும் என்று நீ பாடுபட்ட சொத்திலிருந்து உனக்கு எதற்கு என்பது போல ஒரு குத்தல் வேறு. ஓடிப்போன மகன் அப்பாவானதும், தன் மகன் வேறு பக்கம் போனதைப் பொறுக்க முடியவில்லை. பின்னால் வந்த நூறு கதைகளின் விதை இதற்குள் இருக்கிறது.

அப்பாவிடம் நிலம் இருந்து, அதை விட்டால் பிழைப்பில்லை என்றால் மகன் அடங்கித்தான் இருப்பான். அமெரிக்காவில், குறைந்தபட்சம் வெள்ளைக்கார மகனுக்கு, மேற்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற வாசல் வெகுகாலம் திறந்திருந்தது. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. (அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கியது என்பது தனிக் கதை.) ஆக, அப்பா கையில் கொடுப்பதற்கு நிலம் இல்லாமல் போகலாம், இருந்தாலும் மகனுக்கு அது தேவைப்படாமல் போகலாம். அப்படியானால் எதைக் கொடுப்பது? தன் ஆசையை, தன் தோல்வியை, தன் பெயரை. இவற்றை மகன் 'வேண்டாம்' என்று சொன்னால் அது எங்கே போய் வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு மூலத்தையும் விட்டுவிடாதீர்கள். அடிமையாகப் பிறந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், தன் அப்பா ஒரு வெள்ளைக்காரர் என்றும், எஜமானரே அப்பா என்று ஊரில் பேச்சு இருந்தது என்றும் எழுதுகிறார். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது சட்டம். வர்ஜீனியாவில் அது 1662லேயே வந்துவிட்டது. அதாவது அப்பா மகனுக்குச் சொத்து எழுதி வைப்பது போய், மகனே அப்பாவின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகிறான். அவனை விற்கவும் செய்யலாம். கருப்பின எழுத்தாளர்களின் அப்பா–மகன் கதைகளைப் படிக்கும்போது இது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் அமெரிக்காவில் 1885இல் வந்தது. குடிகார அப்பா பாப் ஒருநாள் ராத்திரி ஜன்னல் வழியாக மகன் ஹக்கின் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஹக்குக்குக் கிடைத்த ஆறாயிரம் டாலர் மேல் அவருக்குக் கண். ஆனால் அந்தக் காட்சியில் பணத்துக்கு முன்னால் வேறொன்று வருகிறது. நீ வாசிக்கக் கற்றுக்கொண்டாயாமே, அப்பனைவிட ஒசத்தி என்று நினைப்பா, உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது என்கிறார். கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்கிறார். ஹக் வாசிக்கிறான். அரை நிமிடம் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தட்டி வீசுகிறார். அந்த அரை நிமிடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவ்வளவு நேரம் ஏன் கேட்டார்? பாப் மோசமான ஆள், அதில் இரண்டு கருத்து இல்லை. இருந்தாலும் மகனுக்குள் தனக்கு எட்டாத ஒரு வாசல் திறந்துவிட்டதைக் காதால் கேட்டு உறுதி செய்துகொண்டார் என்று தோன்றும்.

ஃபாக்னரில் ஒன்றே ஒன்று படித்தால் போதும்: 1939இல் வந்த 'பார்ன் பர்னிங்' சிறுகதை. கோபம் வந்தால் பண்ணைக்காரர்களின் தானியக் கொட்டகைக்குத் தீ வைக்கும் அப்பா, பத்து வயது மகன் சார்ட்டி. ரத்த சொந்தத்தோடு நின்றால்தான் உனக்கு ரத்த சொந்தம் மிஞ்சும் என்று அப்பா அறைந்து சொல்கிறார். அவர் மகனுக்குக் கொடுப்பது இந்த ஒரு விசுவாசம்தான். பையன் கடைசியில் ஓடிப்போய் எதிராளியை எச்சரிக்கிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. காட்டுக்குள் நடக்கிறான், திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாக்னரின் வாக்கியங்கள் நீளம். சத்தமாக வாசித்தால் பிடிபடும்.

ஸ்டைன்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' 1952. பெரிய நாவல், அறுநூறு பக்கத்துக்குக் கிட்ட வரும். பயப்படாதீர்கள், உங்களுக்கு வேண்டியது இரண்டு பரிசுகள். முதல் தலைமுறையில் சார்லஸ் விறகு வெட்டிச் சேர்த்த காசில் அப்பாவுக்கு ஒரு நல்ல கத்தி வாங்கிக் கொடுக்கிறான். அண்ணன்முறை ஆடம் தெருவில் கிடந்த நாய்க்குட்டியைக் கொண்டு வருகிறான். அப்பாவுக்கு நாய்க்குட்டிதான் பிடிக்கிறது, கத்தி எங்கே போனதென்றே தெரியவில்லை. சார்லஸ் அண்ணனை அடித்தே கொல்லப் பார்க்கிறான். பைபிளின் காயீன், ஆபேல் கதைதான், சந்தேகமில்லை.

அந்த ஆடம் அப்பாவாகிறான். ஐஸில் காய்கறியை அடைத்து ரயிலில் அனுப்பும் திட்டத்தில் பெரும் பணத்தை இழக்கிறான். அவன் மகன் கேல், முதல் உலகப் போர் நேரத்தில் பீன்ஸ் வாங்கி விற்று, 15,000 டாலரை நன்றித் திருநாள் விருந்தன்று அப்பா முன்னால் வைக்கிறான். ஆடம் வாங்கவில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் குழுவில் உட்கார்ந்து பையன்களைப் போருக்கு அனுப்புகிறவன் நான், அந்தப் போரில் லாபம் பார்த்த பணத்தை எப்படித் தொடுவேன் என்கிறான். ஒழுக்கமாகப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். அதுதான் அந்தக் காட்சியின் குரூரம். சரியான காரணத்துக்காக ஓர் அப்பா மகனின் கையைத் தட்டிவிடுகிறார். தான் சிறுவனாக இருந்தபோது கத்தி நிராகரிக்கப்பட்டதால் செத்துப் பிழைத்தவன், அதையே திரும்பச் செய்கிறோம் என்று உணரவில்லை. கேல் அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான். உங்கள் கட்டுரையில் ஒரு முழு அத்தியாயம் இந்த இரண்டு பரிசுகளுக்குக் கொடுக்கலாம்.

இப்போது வில்லி லோமன். எரிச்சல் வந்தது என்றீர்கள். வரட்டும், நல்லதுதான். 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம். அன்றிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் மேல் எரிச்சலும் அழுகையும் சேர்ந்தேதான் வருகிறது. நீங்கள் அவசரத்தில் தவறவிட்டிருக்கக்கூடிய மூன்று கைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, வில்லியின் அப்பா. புல்லாங்குழல் செய்து, வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். வில்லிக்கு நாலு வயது நிரம்பும் முன்பே அலாஸ்காவுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. நாடகம் தொடங்கும்போது கேட்கிற முதல் ஒலி புல்லாங்குழல். வில்லியிடம் அப்பாவைப் பற்றி இருப்பது அந்த ஓசை மட்டும்தான். ஓர் அப்பா எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அதனால்தான் பிள்ளைகளிடம் அவ்வளவு சத்தமாக அப்பாவாக இருக்கப் பார்க்கிறார்.

இரண்டாவது, முதலாளி ஹோவர்டின் அறை. வில்லி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்து நிற்கிறார். ஹோவர்ட் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பையன் மாநிலத் தலைநகரங்களை ஒப்பிப்பதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். தன் மகனின் குரலில் மயங்கிக் கிடக்கும் ஓர் அப்பா, எதிரே நிற்கும் இன்னோர் அப்பாவை அடுத்த சில நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார். அந்த ஹோவர்டுக்குக் கம்பெனி வந்ததும் அப்பாவிடமிருந்துதான். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைத் தூக்கி எறிய மனுஷன் பழமா என்று வில்லி வெடிப்பது இங்கேதான்.

மூன்றாவது, வில்லியின் மூத்த மகன் பிஃப் திருடும் பேனா. பழைய முதலாளி ஒருவரிடம் கடன் கேட்கப் போனவன், அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு பதினோரு மாடி இறங்கி ஓடுகிறான். கீழே வந்து கையைப் பார்த்து, இதை ஏன் எடுத்தேன் என்று நிற்கிறான். நான் யார் என்று எனக்குத் தெரியும்போது ஏன் இன்னொருவனாக ஆகப் பார்க்கிறேன் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. அன்று இரவு அப்பாவிடம் அதைச் சொல்லிவிட வருகிறான். நானும் சாதாரண ஆள், நீங்களும் சாதாரண ஆள், அந்தப் பொய்க் கனவை எரித்துவிடுங்கள் என்று கெஞ்சி, அப்பாவின் மேல் சாய்ந்து அழுகிறான். வில்லி என்ன செய்கிறார்? மகன் கொண்டுவந்த உண்மையைக் கீழே விட்டுவிட்டு, கண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இவனுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறார். 63 வயதில்! அந்த அன்புக்குப் பதில் மொய் செய்யத் தன்னிடம் இருக்கிற ஒரே பணத்தை, இருபதாயிரம் டாலர் இன்சூரன்ஸை, மகனுக்குக் கொடுக்கக் காரை எடுத்துக்கொண்டு போகிறார். மகன் விடுதலை கேட்டான், அவர் பணம் அனுப்பினார். இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பாருங்கள், எரிச்சல் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சங்கதியா என்று உங்கள் கைடு கேட்கலாம். 1983இல் மில்லரே பெய்ஜிங்குக்குப் போய்ச் சீன நடிகர்களை வைத்து, சீன மொழியில் இந்த நாடகத்தை இயக்கினார். ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும் சேல்ஸ்மேன் என்ற பிழைப்பே பழக்கமில்லாத இடம். ஆனாலும் மகன் பெரிய ஆளாக வேண்டும் என்று தவிக்கிற அப்பாவை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஆகஸ்ட் வில்சன். என்னைக் கேட்டால் உங்கள் புராஜெக்ட்டின் நடுத்தூண் இவருடைய 'ஃபென்சஸ்' நாடகமாக இருக்க வேண்டும். 1987இல் பிராட்வேக்கு வந்து, அதே வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1957இல், பிட்ஸ்பர்க்கில். ட்ராய் மேக்ஸன் குப்பை அள்ளும் தொழிலாளி. ஒரு காலத்தில் கருப்பின லீக்கில் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர். வெள்ளையர் லீக் 1947இல் கருப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனுக்குக் கதவைத் திறந்தபோது இவருக்கு வயது போய்விட்டது. இப்போது மகன் கோரிக்கு அமெரிக்கக் கால்பந்து வழியாகக் கல்லூரி வாய்ப்பு வருகிறது. ஆள் பார்க்க வருகிறார்கள், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். ட்ராய் போடவில்லை. வெள்ளைக்காரன் உன்னை அந்தப் பந்தோடு எங்கேயும் போக விடமாட்டான், கைத்தொழில் கற்றுக்கொள் என்கிறார்.

இதைப் பொறாமை என்று சொல்லலாம், பாதுகாப்பு என்றும் சொல்லலாம். வில்சன் எதையும் அழித்து எழுதவில்லை. கோரி ஒருநாள் நேருக்கு நேர் கேட்கிறான்: உங்களுக்கு ஏன் என்னை எப்போதுமே பிடிக்கவில்லை? ட்ராயின் பதில் நம் தொண்டையில் சிக்கும். உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? மூன்று வேளை சாப்பிடுகிறாயா, மேலே கூரை இருக்கிறதா, முதுகில் துணி இருக்கிறதா? அது பிடித்திருப்பதால் இல்லை, நீ என் மகன், அது என் கடமை. முதலாளி எனக்குச் சம்பளம் தருவது பிடித்திருப்பதாலா, கொடுக்க வேண்டும் என்பதால். உன்னை ஒருத்தனுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்காதே, உனக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகத் தருகிறானா என்று பார். வகுப்பில் இந்தப் பகுதியை வாசித்து முடித்தால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். குரூரமான வசனம். ஆனால் தெற்கே குத்தகை விவசாயியின் வீட்டில், பதினாலு வயதில் அப்பாவிடம் அடி வாங்கி, வீங்கிய கண்ணோடு வெளியேறிய ஒருவர் மகனுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பாடமும் அதுதான். தன் அப்பா பேய் மாதிரி ஆள், ஆனால் பதினோரு பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவில்லை என்று ட்ராய் சொல்வதைக் கவனியுங்கள்.

கடைசிக் காட்சி 1965. அப்பாவின் சாவுக்குக் கோரி மரைன் படை உடுப்பில் வருகிறான். அடக்கத்துக்கு வரமாட்டேன் என்கிறான். அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த ஏழு வயதுத் தங்கை ரேனல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். ப்ளூ என்ற நாயைப் பற்றி அப்பா பாடும் பாட்டை அவள் பாடத் தொடங்குகிறாள். கோரியும் சேர்ந்துகொள்கிறான். இரண்டு பேருக்கும் எல்லா வரியும் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டு ட்ராயின் அப்பா, அந்தப் பேய் மாதிரி மனுஷர், கட்டியது. மூன்று தலைமுறையாக அடியும் வசையும் கைமாறிய வீட்டில், யாரும் கவனிக்காமல் ஒரு நாய்ப்பாட்டும் கைமாறி வந்திருக்கிறது. பாடி முடித்துவிட்டுக் கோரி அடக்கத்துக்குக் கிளம்புகிறான்.

ஜேம்ஸ் பால்ட்வினின் 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' கட்டுரையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வளர்ப்பு அப்பா, கசப்பேறிய பிரசங்கி, 1943 ஜூலை 29 அன்று இறக்கிறார். அன்றே சில மணி நேரத்தில் அவருடைய கடைசிக் குழந்தை பிறக்கிறது. இறுதிச் சடங்கு பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாளில். நியூயார்க்கின் ஹார்லெமில் கலவரம் நடந்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகள் நடுவே வண்டி கல்லறைக்குப் போகிறது. இவ்வளவும் இருந்தாலும் எனக்கு மறக்காதது ஒரு சின்ன இடம். ஒருநாள் கோயிலிலிருந்து நடந்து வரும்போது அப்பா திடீரென்று கேட்கிறார்: பிரசங்கம் செய்வதைவிட எழுதத்தான் உனக்குப் பிடிக்கும், இல்லையா? மகன் ஆமாம் என்கிறான். அவ்வளவுதான். தாங்கள் உண்மையில் பேசிக்கொண்ட ஒரே தடவை அதுதான் என்று எழுதுகிறார் பால்ட்வின்.

கவிதையில் இரண்டு போதும். தியோடர் ரெட்கியின் 'மை பாப்பாஸ் வால்ட்ஸ்' பதினாறு வரி. விஸ்கி வாடையடிக்கும் அப்பா சின்னப் பையனைச் சமையலறையில் ஆட வைக்கிறார், பெல்ட் பக்கிள் காதில் உரசுகிறது. இது விளையாட்டா வன்முறையா என்று வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிரியும். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ரெண்டும்தான் சார்" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று ராபர்ட் ஹேடனின் 'தோஸ் விண்டர் சண்டேஸ்', 1962 தொகுப்பில் உள்ளது, பதினாலு வரி. வாரமெல்லாம் உழைத்து விரல் வெடித்த அப்பா, ஞாயிற்றுக்கிழமையும் விடியும் முன் குளிரில் எழுந்து அடுப்பை மூட்டுகிறார். வீடு சூடான பிறகுதான் மகனைக் கூப்பிடுகிறார். மகன் பட்டும் படாமலும் பேசுகிறான். அவனுடைய ஷூவுக்கும் அவரே பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அந்த வீட்டில் கோபங்களும் இருந்தன என்று ஹேடன் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார், அப்பாவைத் தெய்வமாக்கவில்லை. எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று மகன் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறான். அந்த இரண்டாவது தடவையில்தான் கவிதையே இருக்கிறது.

யூஜீன் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகம் பற்றியும் சொல்லத்தான் ஆசை. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பல்பை அணைத்துக்கொண்டே இருக்கும் அப்பா, காசநோய் வந்த மகனை மலிவான சானடோரியத்துக்கு அனுப்பப் பார்க்கும் அப்பா. ஏன் இப்படிக் கஞ்சரானார் என்று மகனுக்குத் தெரியவருகிற நாலாவது அங்கத்தை மட்டுமாவது படியுங்கள். பத்து வயதில் வாரம் ஐம்பது சென்ட்டுக்குப் பட்டறை வேலை செய்த கதை அதில் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் இதையும் கட்டுரைக்குள் இழுத்தால் தாங்காது. கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' இப்போது எல்லோரும் எழுதுகிற நாவல், உங்கள் கைடுக்குச் சலித்திருக்கும்.

ஆக, ஸ்டைன்பெக், மில்லர், வில்சன் மூன்று அத்தியாயம். முன்னுரையில் ஃபிராங்க்ளினும் டக்ளஸும். ஹேடன் கவிதையை எங்கே வைப்பது என்று எழுதும்போது தெரியும். உளவியல் அறிஞர் ஃபிராய்டைத் தயவுசெய்து முதல் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அவர் வந்தால் மற்ற யாரையும் பேச விடமாட்டார். நாடகங்களைச் சுருக்கத்தில் படிக்கவே கூடாது, வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்தப் பக்கத்தில் என்ன பொருள் கைமாறுகிறது என்று மட்டும் குறியுங்கள். இருபது குறிப்பு சேர்ந்ததும் கட்டுரை எழுதத் தொடங்கலாம். தமிழ்க் கதைகளோடு ஒப்பிடட்டுமா என்று தோன்றும். இந்தப் புராஜெக்ட்டுக்கு வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ய முடியாது.

இனி உங்கள் கடைசி வரிகள். உங்களுக்குப் புரியாதுப்பா என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி, 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தை உங்களைவிட, என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். டார்கெட் எட்டாத மாதத்தில் மேனேஜர் முன்னால் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பழைய டீலர் செத்துப்போய் மகன் கடையில் உட்கார்ந்த பிறகு, அதே வாசலில் போய் நின்றால் என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரியும். லாட்ஜ் அறையில் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பது தெரியும். கமிஷன் போக மிச்சம் எவ்வளவு என்று வீட்டில் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் தெரிந்திருக்கலாம். முதல் அங்கத்தில் மனைவி லிண்டாவிடம் வில்லி அதைத்தான் செய்கிறார்.

மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் ஊர் அப்பாக்களுக்கு மகன் மன்னிப்புக் கேட்டால் கூச்சம்தான் வரும், எழுந்து உள்ளே போய்விடுவார். ஹோவர்ட் அறைக் காட்சியைத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்னப்பா செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கட்டுரையில் போட வேண்டியதில்லை, உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். நாடகம் திறக்கும்போது வில்லி இரண்டு பெரிய சாம்பிள் பெட்டிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறார். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று நாடகம் முழுக்கச் சொல்லப்படுவதே இல்லை. அவர் என்ன விற்றார் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. பிஃப் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும் ஒரு வரி கிடையாது. உங்கள் அப்பா பம்ப்செட்டையே தூக்கிக்கொண்டு லைனுக்குப் போயிருக்க முடியாது. அப்படியானால் முப்பது வருடம் எதைத் தூக்கிக்கொண்டு போனார், எதைக் காட்டி விற்றார்? தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.